பாஸ்கா மேசையில் ஒரு சட்டி சோறு

மோசெல் லேசரஸை நான் முதன்முதலில் கண்டது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எப்சம் பக்கம் போகும் ஒரு பஸ்ஸுக்குள். 1985இன் தொடக்கம். நானும் என் கணவர் இராசநாயகமும் நியூமார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நல்ல சனம். முன்னால் ஒரு முதிய பெண்மணி இருந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். மாநிறம். அவருக்குப் பக்கத்து இருக்கையில், ஒரு ஆள் இருப்பதுபோல, பெரிய கோவா ஒன்று இருந்தது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவரிடம் சொன்னேன்: "பாருங்கோ, நாங்கள் நிக்கிறம். அந்த மனிசியின்ர கோவாவுக்கு ஒரு சீற்."

அவர் மெல்லத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முட்டைக்கோசுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், தாயி," என்றார் தமிழில். பிறகு கோவாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு, உக்காரு. சும்மா சொன்னேன்," என்று சிரித்தார்.

எனக்கு முகம் சுட்டுவிட்டது. அந்தக் காலத்து ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே தமிழைக் கேட்பதே அருமை. அதிலும் இப்படி ஒருவரிடமிருந்து.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன்.

"இல்லே. நான் யூதப் பொம்பளை. பொறந்தது ரங்கூன்லே."

இறங்கும் இடம் எங்கள் மூவருக்கும் ஒன்றாகவே இருந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், இரண்டு அறை வீடொன்றில் அவர் தனியாக இருந்தார். அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். கொழும்பில் எங்கள் வீடு 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனதையும், நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதையும் இராசநாயகம் சுருக்கமாகச் சொன்னார்.

"முழு வீடுமா?"

"ஓம்."

"எங்களுக்கும் போச்சு," என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு வடையை எடுத்தார். அதற்குமேல் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. வந்த நாள்முதல் எங்களிடம் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காமல் விட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் அவரை அன்ரி என்று கூப்பிடப் பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "ரங்கூன்லே எல்லாரும் என்னை மோசெலக்கான்னுதான் கூப்பிடுவாங்க. நீயும் அப்படியே கூப்பிடு," என்றார். என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவரை அக்கா என்பது முதலில் நாக்கில் இடறியது. பிறகு பழகிவிட்டது.

அவருடைய கதையை நான் ஒரே மூச்சில் கேட்கவில்லை. கறிவேப்பிலை கேட்டு வரும்போது கொஞ்சம், பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் என்று வந்ததைத்தான் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

மோசெலின் பாட்டனார் பாக்தாத்திலிருந்து ரங்கூனுக்குப் போனவர். அப்பா அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் விளக்குச் சிமினிகளும் கண்ணாடிகளும் விற்றார். மேல்மாடியில் இவர்கள் குடியிருந்தார்கள். கீழே கப்பலில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த ஒரு தமிழரின் குடும்பம். மோசெல் வீட்டுக்குள் அரபு பேசினார், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் பர்மியம், மாடிப்படியில் தமிழ். "அப்பா தொழுகைக்கு ஹீப்ருவும் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு அஞ்சு பாஷை வரும், கௌரி. அஞ்சிலேயும் எழுத்துப் பிழை," என்பார்.

ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். அம்மாவும் மோசெலும் நகரத்தை விட்டு வெளியேறி, பிறகு நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அந்த நடையைப்பற்றி மட்டும் அவர் சொல்லமாட்டார். "நடந்தோம். நான் வந்து சேர்ந்தேன்," என்று அதோடு நிறுத்திவிடுவார். "நாங்கள்" என்று தொடங்கிய வசனம் "நான்" என்று முடிவதை நான் கவனித்திருந்தேன். ஆனால் கேட்கவில்லை.

கல்கத்தாவில், போருக்கு வந்த யூதப் படையாட்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு போடும் ஒரு மண்டபத்தில் அவர் பரிமாறிக்கொண்டிருந்தார். அங்கே சாப்பிட வந்தவர் ஹாரி லேசரஸ். ஆக்லாந்துக்காரர், விமானப்படையில் மெக்கானிக். அமைதியான மனிதர். மூன்று வெள்ளிக்கிழமை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, நான்காவது வெள்ளிக்கிழமை, "நியூசிலாந்து நல்ல ஊர்," என்று மட்டும் சொன்னாராம். போர் முடிந்ததும் கல்யாணம், கப்பல், ஆக்லாந்து.

இங்கே வந்த முதல் மாதம், தொழுகைக்கூடத்தின் பெண்கள் பகுதியில் ஒரு அம்மையார், "நீ எப்போது எங்கள் மதத்துக்கு மாறினாய்?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். இப்படி நிறத்தில் ஒரு யூதப் பெண்ணை அவர் அதற்கு முன் கண்டதில்லை. மோசெல் கோபப்படவில்லை. "பொறக்கிறதுக்கு ஒரு ரெண்டாயிரம் வருஷம் முந்தின்னு சொன்னேன். அந்தம்மா அப்புறம் எனக்கு நல்ல சிநேகிதி ஆயிட்டா," என்றார்.

ஆனால் மாமியார் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. யூதர்களுக்குப் பாஸ்கா பெரிய பண்டிகை. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலையாகிப் புறப்பட்டதை நினைத்துக் கொண்டாடுவது. அந்த எட்டு நாளும் புளித்த மாவில் செய்த எதையும் சாப்பிடமாட்டார்கள், வீட்டிலும் வைத்திருக்கமாட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் இதோடு அரிசியையும் பருப்பையும்கூட விலக்கிவிடுவார்கள். பாக்தாத் பக்கத்து யூதர்களுக்கோ பாஸ்காவில் சோறு உண்டு. அரிசிக்குள் ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்காதபடி மூன்று தடவை பொறுக்கிவிட்டுச் சமைப்பார்கள். இரண்டு பகுதியினரும் தங்கள் தங்கள் முன்னோர் வழியில் நடக்கிறார்கள். பிழை என்று யாரையும் சொல்ல முடியாது.

மோசெல் இங்கே கண்ட முதல் பாஸ்காவில் பொறுக்கிய அரிசியைச் சமைத்து மேசையில் வைத்தார். மாமியார் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹாரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு மோசெல் பாஸ்காவுக்குச் சோறு சமைக்கவில்லை. மாமியார் காலமான பின்பும், கரங்காஹாப்பே வீதித் துணிக்கடையில் பொத்தான் பகுதியில் நின்று வேலை செய்த காலம் முழுக்கவும், மகள் ரூத் வளர்ந்து சிட்னிக்குப் போன பின்பும், ஹாரி இறந்த பின்பும் சமைக்கவில்லை.

எர்வின் ஹெல்மன் என்பவர் வந்துசேராவிட்டால் கதை அதோடு நின்றிருக்கும்.

தொழுகைக்கூடத்து மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு நடக்கும். எர்வின் அங்கே தன் சொந்த உப்புப் போத்தலோடு வருகிறவர். வியன்னாவில் சட்டம் படித்தவர். போருக்குச் சற்று முன் தப்பி வந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. போர் தொடங்கியதும், ஜெர்மன் பேசுகிறவர் என்பதால் எதிரிநாட்டவர் என்று பதிவு செய்து, அவரிடமிருந்த ரேடியோவையும் பறித்துக்கொண்டார்கள். போர் முடிந்து ரேடியோவைத் திருப்பித் தந்தபோது அது பாடவில்லை. அதைத் தானே கழற்றித் திருத்தப் போனவர், அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஓய்வுபெறும்வரை ரேடியோ திருத்தும் கடைதான் வைத்திருந்தார். மனைவி இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. கிளென் ஈடனில் எலுமிச்சை மரங்களோடு ஒரு வீடு.

மோசெலின் ரேடியோ கரகரக்கிறது என்று அறிந்து, அதைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார்.

"இன்னும் சரிவரேல்லையோ, மோசெலக்கா?" என்று கேட்டேன்.

"ரேடியோ மொத நாளே சரியாயிடிச்சு," என்றார் அவர். கன்னம் சிவந்ததுபோல எனக்குத் தோன்றியது.

அந்த வருடக் கடைசியில், பஸ் தரிப்பிடத்தில் வைத்து எர்வின் தொப்பியைக் கழற்றினார். "மிஸஸ் லேசரஸ், எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு மாதம் சுற்றிவளைக்க எனக்கு நேரமில்லை. என்னைக் கல்யாணம் செய்வீர்களா?" மோசெல் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, ஆம் என்றார். ரூத் சிட்னியிலிருந்து தொலைபேசியில் கொஞ்சம் அழுதார், பிறகு என்ன நிறத்தில் உடுப்பு என்று கேட்டார்.

பாஸ்கா முடிந்து ஏழு கிழமைக்குக் கல்யாணம் வைக்கும் வழக்கம் இல்லை என்று ராபை, அதாவது அவர்களுடைய மதகுரு, சொன்னதால் ஜூன் மாதத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஏப்ரலில் வரும் பாஸ்காவின் முதல் விருந்தைத் தன் வீட்டில் வைப்பதாக மோசெல் சொன்னார். எங்கள் இருவரையும் அழைத்தார். யூதரல்லாத எங்களைப் பாஸ்காவுக்கு அழைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அந்நியரைக் கூப்பிடணும்னுதான் எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. ஆனா நீ அந்நியமும் இல்லே, அதுதான் இடிக்குது," என்றார்.

பண்டிகைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் அவர் வந்து, கோட்டைக் கழற்றாமலே எங்கள் கதிரையில் இருந்தார்.

"கல்யாணம் இல்லே, கௌரி."

நான் அடுப்பை அணைத்தேன். "என்ன நடந்தது?"

"சோறு. பாஸ்கா மேசையிலே சோறு இருக்கும்னு சொன்னேன். அரிசி அந்த எட்டு நாளும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாதுங்கிறான். இது என் வீடுன்னேன். கல்யாணத்துக்கப்புறம் நம்ம வீடுங்கிறான். சரி, அப்படின்னா கல்யாணமே வேணாம்னேன். தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

மற்ற நேரங்களில் எர்வினை அவர் மரியாதையாகத்தான் பேசுவார். அன்றைக்கு அவன் இவன் என்று வந்தது.

"சோத்துக்காகவோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"சோத்துக்காகத்தான்," என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் இருவரும் இரண்டு மூலையில் இருந்தார்களாம். எழுபது வயதுக்குமேல் சோற்றுக்குச் சண்டை பிடிக்கும் காதலர்களைப்பற்றி அங்கே எல்லோரும் சிரித்தார்கள். மோசெலுக்கு அது தெரியும். அப்படியிருந்தும் பிஜியிலிருந்து வந்த குசும் என்ற பெண் நடத்திய கடையில் ஒரு பை அரிசி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்குக் கண்ணிலே புரை. உன் கண்ணு வேணும். மூணு தடவை பொறுக்கணும்."

அரிசியில் கல் பொறுக்கி வளர்ந்தவள் நான். கோதுமை மணி பொறுக்குவது எனக்குப் புதிது. பெரிய தட்டத்தில் பரப்பி, யன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.

மறுநாள் பால் வாங்க டெயரிக்குப் போனேன். மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அங்கே எர்வின் நின்றார். கிளென் ஈடனில் பால் விற்காதது போல இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் சுகமாக இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சுகம். அரிசி பொறுக்குகிறார்."

அவர் முகம் இறுகியது. நாங்கள் கடைக்கு வெளியே வந்து நடந்தோம். கொஞ்ச தூரம் போனபின் அவராகவே சொன்னார்: "மிஸஸ் இராசநாயகம், நான் பக்தியுள்ளவன் அல்ல. கடவுளோடு எனக்குப் பழைய தகராறு இருக்கிறது. ஆனால் பாஸ்காவுக்கு முன் என் அம்மா அலமாரிகளைத் துடைப்பார். அரிசி ஜாடியைத் தூக்கிக் கீழ்வீட்டுக் காவல்காரரின் மனைவியிடம் கொடுக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு வருடமும். அந்த ஜாடி நீல நிறம். அம்மாவின் கல்லறை எங்கே என்று எனக்குத் தெரியாது. கல்லறை இருக்கிறதா என்றே தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான், அந்த எட்டு நாளும் வீட்டில் அரிசி இல்லாமல் இருப்பது. நான் அதையும் விட்டுவிட்டால்..."

"இதை மோசெலக்காவிடம் சொன்னீர்களா?"

"அவர் கேட்கவில்லை."

"அவரும் உங்களிடம் எதுவோ சொல்லவில்லை," என்றேன். அது என்ன என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரியும். "நாளைக்குப் பின்னேரம் இரண்டாம் தடவை பொறுக்குகிறோம். தேநீருக்கு வாருங்கள்."

அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வந்தார். மோசெல் அவரைக் கண்டதும் என்னைத்தான் முறைத்தார். "உன் வேலையா?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம், என்ர வேலைதான். பொறுக்குங்கோ," என்றேன்.

எர்வின் எதிரே இருந்து தேநீரைக் கலக்கிக்கொண்டேயிருந்தார். தட்டத்தில் அரிசி தள்ளும் சத்தம் மட்டும். கடைசியில் அவர் கேட்டார்: "ஏன் இவ்வளவு தடவை பார்க்கிறீர்கள்?"

"என் அம்மா அப்படித்தான் பார்ப்பார்," என்றார் மோசெல். பிறகு தலை நிமிராமல், அரிசியைத் தள்ளிக்கொண்டே, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.

பர்மாவிலிருந்து வெளியேறும் மலைப்பாதையில், ஒரு கட்டத்துக்குமேல் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு வேறு வழி என்று பிரித்திருந்தார்கள். மோசெலையும் அம்மாவையும் பார்த்த அதிகாரி, கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்தியருடைய வழியைக் காட்டினார். அதில் தண்ணீர் குறைவு, நோய் அதிகம். பக்கத்தில் நடந்தவர் ரங்கூன் அரிசி ஆலையில் வேலை செய்த சுந்தரசாமி என்பவர். கூடவே மனைவி. கைக்குழந்தை ஒன்று. மோசெல் தமிழில் பேசியதைக் கேட்டு அவர்கள் இவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாள் பொழுது சாயும்போது மலைக்கு மேலே முழுநிலா வந்தது. அம்மா நின்றுவிட்டார். நாள் கணக்கெல்லாம் தப்பிப் போயிருந்தது, ஆனால் பாஸ்கா முழுநிலாவில்தான் வரும். "இன்றைக்குப் பாஸ்கா," என்றார் அம்மா. பையில் படையாட்கள் கொடுத்த பிஸ்கட் இருந்தது. கோதுமை. அம்மா அதைத் தொடமாட்டேன் என்றார். மோசெல் கெஞ்சினார், திட்டினார், அழுதார். விஷயம் என்னவென்று சுந்தரசாமியின் மனைவி விசாரித்தார். பிறகு தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கை அரிசி கொடுத்தார். தன் குழந்தைக்குக் கஞ்சி வைக்கப் பத்திரப்படுத்தியிருந்த அரிசி. அம்மா தலையில் கட்டியிருந்த துணியைத் தரையில் விரித்து, அந்த இரண்டு கை அரிசியையும் மூன்று தடவை பொறுக்கினார். காட்டுக்கு நடுவில், கால் வீங்கி, பசியோடு. அன்றைக்கு எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். எகிப்தைவிட்டு வந்த கதையை அம்மா அரபில் சொல்ல, மோசெல் அதைத் தமிழில் சொல்ல, சுந்தரசாமி, "அப்ப அவங்களும் நம்ம மாதிரி நடந்துதான் வந்தாங்களா?" என்று கேட்டாராம்.

"ஒரு கிழமையில் அம்மா காலராவில் போய்விட்டார். சுந்தரசாமிதான் குழி தோண்டினார். அவருடைய குழந்தை பிழைத்தது. கல்கத்தா வரைக்கும் அந்தக் குழந்தையைப் பாதி தூரம் நான்தான் தூக்கி வந்தேன்," என்று மோசெல் சொன்னார். "ஹாரியிடம் நான் இதைச் சொன்னதில்லை. ரூத்திடமும் சொன்னதில்லை. மாமியார் சட்டியைத் தூக்கிப் பின்படியில் வைத்த அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இந்த முறை என் மேசையில் அது இருக்க வேண்டும், எர்வின். அவ்வளவுதான்."

எர்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். எழுந்து, எங்கள் இருவருக்கும் தலையைச் சாய்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேநீர் அப்படியே இருந்தது.

"முடிஞ்சிச்சு," என்றார் மோசெல்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் எர்வின் என்னிடம் சொன்ன நீல ஜாடிக் கதையை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு மோசெல் எர்வினின் ஆறிப்போன தேநீரை எடுத்து ஊற்றினார். "பாவி மனுசன், இதை வாயைத் தொறந்து சொல்லப்படாதா," என்றார். குரலில் கோபம் இல்லை.

அடுத்தநாள் மூன்றாம் தடவை பொறுக்கி முடித்த அரிசியை நானே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மோசெல் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் எர்வின். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம்.

"ராபையிடம் போய்வந்தேன்," என்றார் உள்ளே வராமலே. "என் வழக்கத்தில் அரிசி சாப்பிடக் கூடாது. ஆனால் வீட்டில் இருக்கக் கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லையாம். மேசையிலும் இருக்கலாமாம். நான் மூன்று முறை கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் அம்மா தேவைக்கு அதிகமாகவே கவனமாக இருந்திருக்கிறார்."

மோசெல் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நான் சாப்பிடமாட்டேன், மோசெல். அதை என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் சட்டியை எடுத்து உங்களுக்குப் பரிமாறுவேன்."

மோசெல் தன் ஐந்து பாஷைகளிலும் ஒரு சொல்லும் கிடைக்காதவர்போல வாசலில் நின்றார். பிறகு வழிவிட்டு, "உள்ளே வாங்க, குளிருது," என்று தமிழில் சொன்னார். எர்வினுக்கு அது விளங்கிவிட்டது.

பாஸ்கா விருந்துக்கு நாங்கள் நால்வர்தான். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மெழுகுதிரிகள், புளிக்காத மெல்லிய ரொட்டி, கசப்புக் கீரை, அவித்த முட்டை, பேரீச்சம்பழப் பாகு. எங்களுக்காகத் திராட்சைச் சாறு. மேசையில் இருப்பவர்களில் ஆக இளையவர்தான், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுத் தொடக்கிவைக்க வேண்டும் என்றார்கள். முப்பத்தாறு வயதில் அங்கே இளையவள் நான்.

"எந்தப் பாஷையில கேக்கிறது?" என்றேன்.

"கேக்கிறவளுக்குத் தெரிஞ்ச பாஷையிலே," என்றார் மோசெல்.

"இண்டைக்கு என்ன விசேசம்? ஏன் இண்டைக்கு இப்பிடிச் சாப்பிடுறம்?" என்று கேட்டேன். எர்வின் ஹீப்ருவில் பதில் வாசித்தார். மோசெல் அதைத் தமிழில் சொன்னார். ஓரிடத்தில் எர்வின் தொடங்கிய பாட்டின் மெட்டும் மோசெலுக்குத் தெரிந்த மெட்டும் வேறு வேறாக இருந்தன. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் இருவரும் தங்கள் தங்கள் மெட்டிலேயே பாடி முடித்தார்கள். இராசநாயகம் இரண்டுக்கும் சேர்த்துத் தாளம் போட்டார்.

சாப்பாட்டு நேரம் எர்வின் எழுந்தார். மூடியைத் திறந்தார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. கரண்டியால் சோற்றை எடுத்து மோசெலின் தட்டில் வைத்தார். இன்னொரு கரண்டி வைத்தார். பிறகு எங்களுக்கும் போட்டுவிட்டு, தன் தட்டில் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மோசெல் முதல் வாயை மெதுவாக மென்றார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு இல்லே," என்றார்.

எர்வின் சட்டைப் பையிலிருந்து தன் உப்புப் போத்தலை எடுத்து நீட்டினார். அப்போதுதான் மோசெல் அழுதார், சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நல்ல மழை. சிட்னியிலிருந்து ரூத் வந்திருந்தார். துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குவளையை மணமகன் காலால் மிதித்து உடைப்பது அவர்கள் வழக்கம். எர்வின் மிதித்த முதல் மிதியில் குவளை உடையாமல் துணிச்சுருளோடு உருண்டு மோசெலின் காலடிக்குப் போனது. மோசெல் அதைக் குனிந்து எடுத்து, சரியான இடத்தில் வைத்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மிதியில் அது நொறுங்கியது. மண்டபமே எழுந்து நின்று வாழ்த்தியது. என்றோ மோசெலிடம் எப்போது மதம் மாறினாய் என்று கேட்ட அந்த அம்மையார், ஊன்றுகோலை நாற்காலியில் சாத்திவிட்டு, முதல் ஆளாக ஆடினார்.

மோசெல் கிளென் ஈடனுக்குப் போய்விட்டார். எனக்கு அது முதலில் கவலையாக இருந்தது. ஆனால் அவர் ரயிலேறி நகரத்துக்கு வந்து, பஸ் பிடித்து, கிழமைக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எர்வின் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார், எலுமிச்சங்காயை ஊறுகாய் போட விடமாட்டேன் என்கிறார் என்றெல்லாம் குறை சொல்வார். அடுத்த தடவை வரும்போது ஒரு போத்தல் ஊறுகாய் கொண்டுவருவார். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்து புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எர்வினின் வீட்டில் எவ்வளவு தூசி இருந்தது என்பது தெரிந்து, அதற்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது.

1988இல் என் தம்பி குணரத்தினத்துக்கும் குடும்பத்துக்கும் விசா கிடைத்தது. மனைவி இராசமலர், இரண்டு பிள்ளைகள். ஊரில் சண்டைக்குள் அகப்பட்டு, இடம் மாறி இடம் மாறி இருந்துவிட்டு வருகிறார்கள். மாசி என்ற புறநகரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். வரும் நாளை மோசெலிடம் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். வரச் சொல்லிக் கேட்கவில்லை.

ஜூலை மாதம், விறைக்கிற காலை. நாங்கள் விமான நிலையத்துக்குப் போனபோது அவர்கள் இருவரும் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார்கள். எர்வினின் இரண்டு கைகளிலும் கம்பளிக் கோட்டுகள், பெரியது இரண்டு, சின்னது இரண்டு. மண்டபத்துச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கேட்டுச் சேர்த்தவை.

"நானும் இப்படித்தான் ஒரு குளிர்காலத்தில் கப்பலை விட்டு இறங்கினேன்," என்றார் எர்வின். "துறைமுகத்தில் யாரோ ஒருவர் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டுப் போனார். அவர் பெயர்கூடத் தெரியாது."

கதவு திறந்து தம்பி வந்தான். பின்னால் மெல்லிய பருத்திச் சேலையில் இராசமலர், இரண்டு பக்கமும் பிள்ளைகள். கொழும்பைவிட்டு ஏறியது முதல் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்று தம்பி பிறகு சொன்னான். எர்வின் முன்னே போய், பெரிய கோட்டை விரித்துப் பிடித்தார். அவள் பயந்து பின்வாங்கினாள்.

"கையை விடு, தாயி. நம்மாளுதான்," என்றார் மோசெல்.

இராசமலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முதலில் ஒரு கையையும், பிறகு மற்றக் கையையும் கோட்டுக்குள் விட்டாள். கோட்டு அவளுக்குப் பெரிதாக இருந்தது. மோசெல் அவளுக்குப் பொத்தான்களைப் போட்டுவிட்டார், கழுத்திலிருந்து கீழ்வரை, ஒன்றுவிடாமல்.

"நீங்கள் ஆர்?" என்று இராசமலர் கேட்டாள்.

"வா, கார்லே போய்க்கிட்டே சொல்றேன்," என்றார் மோசெலக்கா. சின்னவனை எர்வின் தூக்கிக்கொண்டார். எல்லோரும் வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தோம்.